முள்ளோடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா: ஆன்லைனில் கடை திறக்கும் முன் ஒரு கணக்கு

"மீஷோவா, அமேசானா, ஃபிளிப்கார்ட்டா? எதில் கமிஷன் கம்மி?" ஆன்லைனில் விற்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். மதுரையிலோ திருப்பூரிலோ இருப்பவர் இப்படிக் கேட்டால் சரி. கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் இருப்பவர் அதற்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். சரக்கு இருக்கும் இடம் மாநில எல்லையான முள்ளோடைக்கு எந்தப் பக்கம், தமிழ்நாடா, புதுச்சேரியா? அதை வைத்துத்தான் ஜிஎஸ்டி இல்லாமல் தொடங்க முடியுமா என்பது முடிவாகும். எந்தத் தளம் என்பது அப்புறம்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, வரி உள்ள பொருளை ஆன்லைன் சந்தையில் விற்கிற எவரும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு விற்றாலும் அதே கதைதான். கடைத்தெருவில் கடை போட்டவருக்கு இருந்த வரம்புச் சலுகை, வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் விற்றவருக்கு இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் இதைத் தளர்த்தினார்கள். ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர், ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கிக்கொண்டால் போதும். ரிட்டர்ன் எனும் வரிக் கணக்குத் தாக்கல் கிடையாது, வரி வசூலிக்கும் வேலையும் கிடையாது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு அந்த வரம்பு 40 லட்சம் ரூபாய். புதுச்சேரியில் 20 லட்சம்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த எண்ணை வைத்துச் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம். ஒரு பான் எண்ணுக்கு ஒரே ஒரு மாநிலம்.

கடலூர்க்காரருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஓசூர் முதல் கன்னியாகுமரி வரை முழுத் தமிழ்நாடும் அவருக்குச் சந்தை. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு மட்டும் அனுப்ப முடியாது. புதுச்சேரிக்காரர் நிலைமை வேறு. கிருமாம்பாக்கத்தில் நைட்டி தைத்து விற்கும் அக்கா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு நம்பவே இல்லை.

"ஏம்பா, எங்க அம்மா வீடு ரெட்டிச்சாவடி. பஸ் ஏறுனா உக்கார்றதுக்குள்ள வந்துரும். அங்க ஒரு நைட்டி அனுப்புனா வெளி மாநில வியாபாரமா?"

"ஆமாக்கா. காரைக்காலுக்கு அனுப்பலாம். கேரளாவுக்குள்ள இருக்கிற மாகேக்கு அனுப்பலாம், ஆந்திராவுக்குள்ள இருக்கிற ஏனாமுக்கும் அனுப்பலாம். ரெட்டிச்சாவடிக்கு மட்டும் கூடாது."

"அப்ப யாருக்குத்தான் விக்கிறது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குச் சொந்தச் சட்டமன்றம் உண்டு, அதனால் ஜிஎஸ்டியிலும் அது தனி மாநிலம் போலத்தான். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், புதுச்சேரி எண் 34 என்று தொடங்கும். முள்ளோடையைத் தாண்டினால் எண் மாறிவிடுகிறது. கடலூர் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் மதுப் பாட்டிலைத் தேடிப் பையைத் திறக்கச் சொல்வார்கள் என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். நைட்டிக்கும் அப்படி ஒரு கோடு இருக்கிறது என்பதுதான் புதுச் செய்தி.

ஆகவே என் கருத்து இது. கடலூர் மாவட்டத்தில் இருந்தால், முதல் சில மாதங்களுக்கு என்ரோல்மென்ட் எண்ணோடு தொடங்கிப் பார்க்கலாம். பொருள் விலை போகிறதா, பேக்கிங் வேலை கட்டுப்படியாகிறதா என்பதைச் செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். புதுச்சேரியில் இருந்தால் அந்த எண்ணை வாங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம், நேராக ஜிஎஸ்டிக்குப் போய்விடுங்கள்.

"அம்மா வீட்டு விலாசத்துல போட்டுக்கலாமா?" என்று அந்த அக்கா அடுத்துக் கேட்டார். தையல் மிஷினும் துணிக்கட்டும் உண்மையில் ரெட்டிச்சாவடியில் இருந்து, பார்சலும் அங்கிருந்தே கிளம்பினால் தாராளமாகப் போடலாம். சம்மதக் கடிதமும் மின் கட்டண ரசீதும் போதும். சரக்கு ஒரு ஊரில், விலாசம் மட்டும் இன்னொரு ஊரில் என்றால் வேண்டாம். பிக்கப் எடுக்க வருகிற பையன் விலாசத்தில் இருக்கும் வீட்டுக்குத்தான் வருவான். தினமும் பார்சலைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி ஓட முடியுமா? அதிகாரி நேரில் பார்க்க வந்தால் அது தனித் தலைவலி.

ஜிஎஸ்டி எடுத்தால் என்ன ஆகும்

பலர் பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஆடிட்டர் வாங்குவது அவர் கூலி. 2025 நவம்பர் 1 முதல் சிறு வியாபாரிகளுக்கு ஓர் எளிய வழி வந்திருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ள வாடிக்கையாளர்களுக்கு விற்பதில் வரும் வரி மாதம் இரண்டரை லட்சத்தைத் தாண்டாது என்றால், ஆதார் சரிபார்ப்போடு மூன்று வேலை நாளில் எண் கிடைக்கும். வீடுகளுக்கு விற்கிற நைட்டி, முந்திரி வியாபாரம் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

பதிவுக்குப் பின் வருவதுதான் உண்மையான செலவு. விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும். ஐந்து கோடிக்குள் விற்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். தேதி தவறினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய் என்று தாமதக் கட்டணம் ஏறும். "வியாபாரம்தான் நடக்கவில்லையே, எதற்குத் தாக்கல்" என்று விட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்துக் கணக்கை மூட வரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

லாபப் பக்கமும் உண்டு. தளங்கள் உங்களிடம் பிடிக்கும் கட்டணங்கள் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போடுவார்கள். பதிவு செய்தவர் அதை உள்ளீட்டு வரியாக, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாதவருக்கு அது போனது போனதுதான். துணி வாங்கும் பில்லில் உள்ள வரிக்கும் இதே கணக்கு.

இடைப்பட்ட வழியாகச் சிலர் கேட்பது காம்போசிஷன் திட்டம், அதாவது சிறு வியாபாரிகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை. 2023 அக்டோபர் முதல் அதில் இருப்பவர்களும் ஆன்லைன் சந்தையில் பொருள் விற்கலாம். ஆனால் அவர்களுக்கும் மாநில எல்லைதான் வேலி, உள்ளீட்டு வரியும் கிடையாது. புதுச்சேரிக்காரருக்கு அது என்ரோல்மென்ட் எண்ணைவிட மோசம்.

கடலூரா புதுச்சேரியா என்பது இன்னொரு இடத்திலும் வேலை காட்டும். அமேசான் கிடங்கில் முன்கூட்டியே சரக்கை வைத்துவிட்டால் பேக்கிங்கும் டெலிவரியும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதற்கு அந்தக் கிடங்கை உங்கள் ஜிஎஸ்டியில் கூடுதல் வியாபார இடமாகச் சேர்க்க வேண்டும். சென்னைப் பக்கத்துக் கிடங்கு என்றால், கடலூர்க்காரர் தன் பதிவிலேயே ஒரு திருத்தம் போட்டால் முடிந்தது. புதுச்சேரிக்காரர் அதே கிடங்குக்கு 33 என்று தொடங்கும் இன்னொரு ஜிஎஸ்டி எண்ணே எடுக்க வேண்டும். இரண்டு எண், இரண்டு ரிட்டர்ன். அளவு பெரிதாகும் வரை புதுச்சேரிக்காரர் வீட்டிலிருந்தே அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

படிவத்தில் சிக்குவது இரண்டு இடத்தில்

எந்தத் தளமானாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: பான், ஜிஎஸ்டி அல்லது என்ரோல்மென்ட் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி வரும் செல்போன், மின்னஞ்சல், பிக்கப் விலாசம். அரை மணி நேர வேலை. ஆனால் நம் ஆட்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்று இனிஷியல். பான் அட்டையில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பது விதி, அதனால் அப்பா பெயரோ கணவர் பெயரோ பின்னால் ஒட்டியிருக்கும். வங்கிப் புத்தகத்தில் "சு. கலைச்செல்வி" என்று இருக்கும், பானில் "கலைச்செல்வி சுப்பிரமணியன்" என்று இருக்கும், ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். மனிதருக்கு மூன்றும் ஒரே ஆள். கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் போட்டு, வங்கியிலிருந்து வரும் பெயரை ஒப்பிடும் மென்பொருளுக்கு மூன்றும் மூன்று ஆள். ஜிஎஸ்டியில் சட்டப்படியான பெயர் பானிலிருந்துதான் எடுக்கப்படும், அங்கே மாற்ற முடியாது. ஆகவே மற்றதை பானுக்கு ஏற்ப மாற்றுவதுதான் வழி. முதலில் ஆதார், பிறகு வங்கி. வங்கிக் கிளையில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்து, அது ஏறிய பின் விற்பனைக் கணக்கைத் திறந்தால் ஒரே நாளில் முடியும். தலைகீழாகச் செய்தால் "சரிபார்ப்பு தோல்வி" என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று பின்கோடு. 607 என்று தொடங்கினால் கடலூர், 605 என்றால் புதுச்சேரி என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். பாகூரின் பின்கோடு 607402, ஆனால் பாகூர் புதுச்சேரி. ஆரோவில் 605101, ஆனால் அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. பின்கோடு போட்டதும் மாநிலத்தைத் தானாக நிரப்பும் படிவம் சில நேரம் தப்பாக நிரப்பிவிடும். ஜிஎஸ்டி எண் 34, பிக்கப் விலாசம் தமிழ்நாடு என்று போனால் நிராகரிப்புதான். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

சரி, எந்தத் தளம்?

கமிஷனை வைத்து முடிவெடுத்த காலம் போய்விட்டது. மீஷோ 2021லேயே கமிஷன் இல்லை என்று அறிவித்தது. 2025 ஏப்ரலில் அமேசான் பல பிரிவுகளில் 300 ரூபாய்க்குக் குறைந்த பொருட்களுக்குத் தன் கமிஷனை எடுத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட் 1000 ரூபாய்க்குக் கீழே கமிஷன் இல்லை என்றது. இந்த அட்டவணைகள் அடிக்கடி மாறும், தொடங்கும் நாளில் அந்தந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் சிறு பொருளுக்குக் கமிஷன் பூஜ்யத்தை நோக்கித்தான் போகிறது. பணம் கரைவது அனுப்பும் கூலியிலும் திரும்பி வரும் பார்சலிலும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது ஆன்லைன் வியாபாரத்துக்கென்றே சொன்னது போல இருக்கிறது. ஆகவே உங்கள் பொருள் என்ன என்பதைச் சொன்னால்தான் தளத்தைச் சொல்ல முடியும்.

நைட்டி, சுடிதார், குழந்தைகள் உடை, கவரிங் நகை போன்றவற்றுக்கு மீஷோ. வாங்குகிறவர்கள் சின்ன ஊர்க்காரர்கள், விலை பார்த்து வாங்குகிறவர்கள். என்ரோல்மென்ட் எண்ணோடு கடை திறக்க முடிகிற இடமும் அது. ஆனால் அங்கே திரும்பி வரும் பார்சல்தான் எமன். வாடிக்கையாளர் கதவைத் திறக்காமல் பார்சல் திரும்பினால் விற்றவருக்குச் செலவில்லை. வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பினால் திரும்பும் கூலி நம் தலையில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நைட்டியில் எல்லாம் போக 60 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். பத்து அனுப்பி எட்டு நின்றால் 480 ரூபாய். திரும்பிய இரண்டுக்கும் தலா 150 ரூபாய் கூலி என்றால் 300 போயிற்று. பத்து பார்சல் கட்டிய உழைப்புக்கு மிச்சம் 180 ரூபாய். இன்னும் ஒன்று திரும்பியிருந்தால் ஏழுக்கு 420 வரவு, மூன்றுக்கு 450 செலவு. கையைக் கடித்துவிடும். அதனால்தான் மீஷோவில் அளவு அட்டவணையை இன்ச் டேப் வைத்து அளந்து போடச் சொல்கிறேன். "ஃப்ரீ சைஸ்" என்று எழுதிவிட்டுப் போனால் அந்த நைட்டி திரும்பி வரத்தான் செய்யும். தப்பான பொருளோ சேதமான பொருளோ வந்தால் மட்டும் திருப்பலாம் என்று ஒரு குறைந்த விலையும் அங்கே வைக்கலாம். புதிதாக வருகிறவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பண்ருட்டி முந்திரிக்கு நான் அமேசானைச் சொல்வேன். காரணம் எளிது. கிலோவுக்கு விலை அதிகம், எடை குறைவு, உணவுப் பொருளை "பிடிக்கவில்லை" என்று பொதுவாகத் திருப்ப முடியாது. அனுப்பும் கூலி விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அதற்கு முன் ஏற வேண்டிய படிகள் கூடுதல். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் கட்டாயம். பாக்கெட் மேல் நிகர எடை, எம்ஆர்பி, பேக் செய்த மாதம், உங்கள் பெயர், விலாசம், புகாருக்கு ஒரு தொடர்பு எண் எல்லாம் அச்சாக வேண்டும். முந்திரிக்கு வரி 5 சதவீதம், ஆகவே சட்டப்படி என்ரோல்மென்ட் எண் போதுமென்றாலும் அமேசானில் ஜிஎஸ்டி எண் கேட்பார்கள். பார்கோடு இல்லாதவர் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம், கிடைத்துவிடும். போட்டி கடுமை, உண்மை. ஆனால் முழுப் பருப்பு, அரைப் பருப்பு, உடைசல் என்று தனித்தனியாகப் படம் எடுத்துப் போட்டவர்கள் நின்றுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டு விலையை மட்டும் குறைத்தவர்களுக்கு ஒற்றை நட்சத்திரம் விழுகிறது, "படத்தில் முழுசு, வந்தது உடைசல்" என்று.

அந்த விலாச விஷயத்தில் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து விற்கும் பெண்கள், பாக்கெட்டிலும் பில்லிலும் வீட்டு விலாசம் வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தொடர்புக்கு வீட்டு எண்ணைக் கொடுக்காமல் தனியாக ஒரு சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கு வருவோம். புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு, பார்க்கிறவர்கள் கண் எடுக்க மாட்டார்கள். இதைத்தான் முதலில் அமேசானில் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. கூரியரில் எடை என்றால் தராசு எடை மட்டும் இல்லை, பெட்டியின் கன அளவும் எடைதான். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். மூன்று கிலோ குதிரைக்கு வைக்கோலும் காற்றுக்குமிழ்த் தாளும் சுற்றி 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டியில் போட்டால் 36,000-ஐ 5000-ஆல் வகுத்து 7.2 கிலோ. கூலி அதற்குத்தான். வழியில் காது உடைந்தால் பணமும் திரும்பும், பொம்மையும் போகும். உள்ளங்கை அளவு விளக்கு, தொங்கவிடும் மணி போன்றவற்றைச் சந்தைத் தளத்தில் வையுங்கள். பெரிய பொம்மைகளை வாட்ஸ்அப் பிசினஸ், இன்ஸ்டாகிராம் வழியாக, முன்பணம் வாங்கிக்கொண்டு விற்பதுதான் கட்டுப்படியாகும்.

வாட்ஸ்அப்பில் விற்றால் ஜிஎஸ்டி தொல்லை இல்லையே என்று நினைக்க வேண்டாம். நடுவில் தளம் இல்லை என்பதால் மாநிலத்துக்குள் விற்கும்போது வரம்பு வரை எந்த எண்ணும் வேண்டாம், அது சரி. மாநிலம் தாண்டினால் வரி உள்ள பொருளுக்குப் பதிவு வேண்டும். சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. முள்ளோடைக் கோடு இங்கேயும் இருக்கிறது.

ஃபிளிப்கார்ட்டை நான் இரண்டாவது கடையாகத்தான் பார்க்கிறேன். முதல் தளத்தில் படமும் விவரமும் விலையும் சரியாக அமைந்தபின் அதையே அங்கேயும் ஏற்றலாம். முதல் நாளே மூன்றிலும் திறந்தால், ஒரே நைட்டி மூன்று இடத்தில் விற்றுப்போய் இரண்டு ஆர்டரை ரத்து செய்ய வேண்டி வரும். ரத்துக்கு அபராதமும் உண்டு, மதிப்பெண் குறைவும் உண்டு. அரசு முன்னெடுப்பில் 2021 டிசம்பரில் நிறுவனமாகப் பதிவான ஓஎன்டிசி என்ற திறந்த ஆன்லைன் வணிக வலையமைப்பைப் பற்றி நம் பக்கம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதன் முதல் சோதனை ஊர் கோயம்புத்தூர். ஒரு செயலியில் பதிந்தால் பல செயலிகளில் தெரியும் என்பது நல்ல ஏற்பாடுதான். முதல் கடையாக அதை வைக்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

எங்கே திறந்தாலும் முதல் மாதத்தில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் பார்சலைப் பிரிக்கும்போது செல்போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுங்கள். பார்சல் மேல் உள்ள எண் முதலில் தெரிய வேண்டும், பிறகு கத்தி வைக்க வேண்டும். உள்ளே பழைய துணி இருந்தது என்று சொல்லி இழப்பீடு கேட்க அது இல்லாமல் முடியாது.

அப்புறம் மழைக்காலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பிக்கப் வண்டியும் வரவில்லை, வீட்டில் மின்சாரமும் இல்லை. நேரத்துக்கு அனுப்பாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கும் கணினிக்குத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது தெரியாது. எல்லாத் தளத்திலும் விடுமுறை அறிவிக்கும் வசதி இருக்கிறது. வானிலை மையம் எச்சரிக்கை விட்ட அன்றே அதைப் போட்டுவிடுங்கள், மின்சாரம் போன பிறகு போட முடியாது.

ஜிஎஸ்டி எடுத்தவர்கள் ஒன்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். தளம் உங்கள் விற்பனையில் 0.5 சதவீதத்தை ஜிஎஸ்டி கணக்கில் பிடித்து அரசுக்குக் கட்டும். 2024 ஜூலை 10க்கு முன் அது ஒரு சதவீதமாக இருந்தது. அந்தப் பணம் உங்களுடையதுதான், ஆனால் தானாக வராது. ஜிஎஸ்டி தளத்தில் இந்தப் பிடித்தத்தைக் காட்டும் டிசிஎஸ் அறிக்கையைத் திறந்து ஏற்றுக்கொண்டதாகத் தாக்கல் செய்தால்தான் உங்கள் ரொக்கப் பேரேட்டில், அதாவது வரி கட்டப் பயன்படும் கணக்கில் ஏறும். வருமான வரிக்கென்று தனியாக 0.1 சதவீதம் பிடிப்பார்கள். தனிநபர் பெயரில் ஆண்டு விற்பனை ஐந்து லட்சத்துக்குள் இருந்து பானோ ஆதாரோ கொடுத்திருந்தால் அதுவும் இல்லை.

கிருமாம்பாக்கத்து அக்கா 34 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணே எடுத்தார், கடை மீஷோவில். வங்கியில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறார், அது ஏறியதும் படங்களை ஏற்ற வேண்டும்.